ஞானப்பூவைத் தேடிய மதினி

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் காற்று ஆளைப் பேச விடாது. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிக் காற்றாடிமலை அடிவாரத்தில் வண்டி நின்றதும், மதினி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் இறங்கினார். அண்ணன் குடியை விட்ட பிறகு குடும்பமாகப் புறப்பட்ட முதல் திருப்பயணம் இது. வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தார். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "மாதாகிட்ட எப்பவும்தான் அழுதோம். கல்யாணம் கட்டி, குடும்பம் நடத்தி, கஷ்டப்பட்ட புனிதர் ஒருத்தர் பக்கத்துலயே இருக்காருல்லா, அவர்ட்ட போவோம்" என்றார்.

அவர் சொன்னது புனித தேவசகாயத்தை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்தபோது வைத்த பெயர் நீலகண்டன். பத்மநாபபுரம் அரண்மனையில், மார்த்தாண்ட வர்மா காலத்தில் அதிகாரி. மனைவி பார்கவி. குறையில்லாமல் ஓடிய குடும்பத்தில் திடீரென்று அடிமேல் அடி விழுந்தது. மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, கையிருப்பு கரைந்தது. முகம் வாடி வேலைக்கு வந்தவரிடம் என்னவென்று கேட்டவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி. அவர் சொன்ன ஆறுதல் விவிலியத்தில் வரும் யோபுவின் கதை.

பிரசங்கங்களில் இந்த இடத்தை நாம் விறுவிறுவென்று தாண்டிவிடுகிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. கிறிஸ்தவரானதற்காகத் தேவசகாயம் பட்ட எருக்கம்பூ மாலை, எருமை மேல் ஊர்வலம், சாட்டையடி, புண்ணில் மிளகாய்ப்பொடி என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தோற்றுப்போன ஒரு மனிதன், நொடித்துப்போன இன்னொரு மனிதனிடம், எல்லாம் இழந்த மூன்றாமவனின் கதையைச் சொல்கிறான். இது எவ்வளவு பெரிய விஷயம்! "எங்கள் கடவுளை நம்பு, செத்த மாடெல்லாம் திரும்ப வரும்" என்று அவர் சொன்னதாக வரலாறு இல்லை. ஒலிபெருக்கி வைத்துக் கடன் தீரும், வீடு கட்டலாம் என்று வாக்குறுதி அள்ளி வீசும் கூட்டங்களுக்கெல்லாம் அண்ணனை நாங்கள் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அண்ணனைக் கரையேற்றியது மறுவாழ்வு மையமும், மாத்திரையும், பங்கு மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கிற குடிநோயாளர் கூட்டமும். "செபம் பண்ணு, மாத்திரையை மட்டும் நிறுத்திராதே" என்று சொன்ன எங்கள் பங்குச் சாமியாரை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

அடிவாரத்து வியாகுல அன்னை ஆலயத்தில் செபித்துவிட்டு மேலே ஏறினோம். 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட பாறை இங்கேதான் இருக்கிறது. அவர் முழந்தாளிட்ட தடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் மணியடிச்சான் பாறை. சிறு கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கும். அவர் உயிர் பிரிந்தபோது மேலிருந்து உருண்டு வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. எங்கள் பிள்ளைகள் மாறி மாறித் தட்டி, பின்னால் நின்றவர்களிடம் வசவு வாங்கினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் மாமியார் வந்துகொண்டிருந்தார். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட அற்புதமே, வயிற்றில் இறந்துவிட்டதாக மருத்துவம் சொன்ன சிசு பிழைத்ததுதான் என்பதால், பிள்ளைத்தாய்ச்சிகள் இங்கே நிறைய வருகிறார்கள்.

இறங்கி வந்து ஆலய முற்றத்தில் புளிச்சோற்றைப் பிரித்தோம். அண்ணன் பிள்ளைகளுக்கு யோபு கதை சொல்லிக்கொண்டிருந்தார். 'கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போ' என்று யோபுவின் மனைவி சொல்லும் இடம் வந்ததும் மூத்தவன், "கெட்ட பொம்பளை" என்றான்.

மதினி சோற்றை உருட்டுவதை நிறுத்தினார்.

"பத்துப் பிள்ளையளையும் ஒரே நாள்ல மண்ணுக்குள்ள வச்சவ வேற எப்படில பேசுவா? புண்ணைச் சுரண்டிக்கிட்டுச் சாம்பல்ல உக்காந்திருந்தவர யாரு பார்த்துக்கிட்டது? கடைசில மறுபடி பத்துப் பிள்ளை குடுத்தாருன்னு போட்டிருக்குல்லா, அதை யாரு பெத்தா? அவ பேரு இருக்கா அதுல?"

யாரும் பதில் சொல்லவில்லை. விவிலியத்தில் அவள் பெயர் இல்லைதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

அதற்குப் பிறகு நாள் வேகமாக ஓடிவிட்டது. நாகர்கோவிலில் கோட்டாறு சவேரியார் பேராலயம். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களை மக்கள் பொறுக்கிக் கொண்டுவந்து இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து புலியூர்குறிச்சி. தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையில் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். டிலனாய் கல்லறை இருக்கிற உதயகிரிக் கோட்டை பக்கம்தான். நேரமில்லை என்று அண்ணன் சொன்னதால் விட்டுவிட்டோம், எனக்கு அதில் வருத்தம்தான்.

நேரமில்லை என்றதற்குக் காரணம், மதினி வடக்கன்குளம் போயே ஆகவேண்டும் என்று நின்றதுதான். காவல்கிணறு விலக்கில் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். நீலகண்டன் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில். ஒரு காலத்தில் இங்குள்ள கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்திருந்ததும், அது பின்னால் இடிக்கப்பட்டதும் தனி வரலாறு. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதற்காகவும் வெறுக்கப்பட்ட மனிதர் புதுப்பிறப்பு எடுத்த ஊரில் அந்தச் சுவர் எழும்பியதை என்னவென்று சொல்ல.

மதினி தேடி வந்தது ஞானப்பூவை. பார்கவி அம்மாள் முதலில் தயங்கி, பிறகு கணவர் வழியில் திருமுழுக்குப் பெற்றபோது பெற்ற பெயர் அது. கணவரைக் கொன்ற பிறகு சொந்த ஊரில் இருக்க முடியாமல் இங்கே வந்து, விதவையாக வாழ்ந்து, இங்கேயே அடக்கமானவர். அவருக்கு நவநாள் இல்லை, தேர் இல்லை. கோயிலில் இருந்த வயதான அம்மா ஒருவர், "அந்தத் தாய்க்குன்னு யாரும் தனியா வந்து கேக்கமாட்டாங்களே" என்று ஆச்சரியப்பட்டார்.

மதினி வெகுநேரம் முழந்தாளிலிருந்தார். வெளியே வந்ததும் என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

"இவருக்காவ நேரமெல்லாம் வேண்டியாச்சு. இன்னைக்கு எனக்காவ. குடிய விட்டுட்டாரு, சரி. எனக்குக் கோவம் இன்னும் போவல. அது போற வரைக்கும் பொறுத்துக்கிடணும்னு இவர்ட்டயே சொல்லிட்டேன்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே, "சொன்னா. சரின்னுட்டேன்" என்றார். வியாழக்கிழமைகளில் குடும்பத்தாருக்கென்று தனியாக நடக்கிற கூட்டத்துக்கு அவர் எத்தனை முறை கூப்பிட்டும் மதினி போனதில்லை. பணகுடியில் காப்பி குடிக்கும்போது, அது எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறரை என்றார் அண்ணன். அப்படியென்றால் அன்றைக்குச் சின்னவனை டியூஷனிலிருந்து நீதான் கூட்டி வரவேண்டும் என்று மதினி என்னிடம் சொல்லிவிட்டார்.