தண்ணீர் வந்தாச்சு, ஆனால் குடிக்கலாமா?

வெள்ளத்தில் உடைந்த குழாயை மாற்றிவிட்டு, இன்று காலை வால்வைத் திறந்துவிட்டார்கள். செம்மண் நிறத்தில் பீறிட்டு ஓடியது.

"குடிக்கத் தண்ணி இல்லாம தவிக்கிறோம், தெருவுல கொட்டுறீங்களே!" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே போய்விட்டார்.

ஊழியர் வாயே திறக்கவில்லை. நிறம் தெளிந்ததும் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்தார். மருந்தைச் சொட்டினார். லேசாக மஞ்சள் படர்ந்தது. அதை நிற அட்டையோடு ஒட்டி வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குளோரின் வந்துடுச்சுய்யா."

உடைந்த குழாயை மாற்றுவதுகூடச் சுலபம்தான். குழாயில் அழுத்தம் விழுந்ததும் சுற்றியுள்ள சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் இப்படித் திறந்துவிட்டுக் கழுவுவதும், குளோரின் ஏற்றுவதும், ஆய்வும். கிருமி இருக்கிறதா என்று தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கிருமியை அவசரப்படுத்த முடியாதே!

கலங்கல் இன்னும் பெரிய தலைவலி. மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரினால் எளிதில் தொட முடியாது. 2024இல் ஹெலீன் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் குழாயில் தண்ணீர் திரும்பிய பின்னும், நீர்த்தேக்கக் கலங்கலால் குடிக்கத் தகுந்த நீருக்கு நவம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்தார்கள். புயல் வந்தது செப்டம்பர் கடைசியில்!

"இது குளிக்க மட்டும், குடிக்க இன்னும் இல்லை" என்று தெருவுக்குத் தெரு ஒரு அறிவிப்பு வைக்கலாம். அந்தப் பெரியவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை, அவரிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை.