பிலடெல்பியாவுக்கு ஒன்றரை நாள்

அக்டோபர் 5, 2024, சனி

பிரின்ஸ்டனில் அலுவலக வேலை இம்மாதம் 18ஆம் தேதி வெள்ளியோடு முடிகிறது. ஞாயிறு இரவு நூவர்க்கிலிருந்து விமானம். ஞாயிறு பகல் பெட்டி கட்டவே சரியாக இருக்கும் என்பதால், ஊர் சுற்ற மிஞ்சுவது வெள்ளி மாலையும் சனியும்தான். அலுவலகத்தில் எல்லோரும் நியூயார்க் போகச் சொல்கிறார்கள். அவ்வளவு நேரத்தில் நியூயார்க்கில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம், வேறொன்றும் நடக்காது. பிலடெல்பியாவின் பழைய பகுதியை நடந்தே பார்த்துவிட முடியும். எனக்கு அதுதான் சரி.

எடிசனில் இருக்கும் சித்தி மகள், அக்கா, போனில் சிரித்தாள். “அங்க என்னடா இருக்கு? ஒரு உடைஞ்ச மணி. அதைப் பார்க்கவா ரயில் ஏறப் போற?”

அக்டோபர் 6, ஞாயிறு

வரைபடத்தோடு உட்கார்ந்தேன். வில்லியம் பென் 1682இல் நிறுவிய ஊர். அவருடைய சர்வேயர் தாமஸ் ஹோம் போட்ட கட்டம்தான் நகரின் நடுப்பகுதியில் இன்றும் இருக்கிறது. டெலவேர் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே போகப் போகத் தெரு எண் ஏறுகிறது. குறுக்கே ஓடும் தெருக்கள் பலவற்றுக்கு மரங்களின் பெயர்: செஸ்ட்நட், வால்நட், ஸ்ப்ரூஸ், பைன். எங்கள் மதுரையில் ஆடி, சித்திரை, மாசி என்று மாதங்கள். இங்கே மரங்கள். எண் குறைந்தால் ஆறு நெருங்குகிறது என்பது தெரிந்தால் போதும், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

அக்டோபர் 7, திங்கள்

இண்டிபெண்டென்ஸ் ஹாலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நுழைவு இலவசம், ஆனால் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். இணையத்தில் எடுத்தால் டிக்கெட்டுக்கு ஒரு டாலர் பதிவுக் கட்டணம். சனி காலை பத்து மணி. பை சோதனை உண்டு என்பதால் அரை மணி முன்னதாகவே போய்விட வேண்டும்.

1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றதும், 1787இல் அரசியல் சட்டத்தை எழுதியதும் இந்த ஹாலின் ஒரே அறையில். பிரிட்டனிலிருந்து பிரிவதென்று வாக்களித்தது ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது 4. கையெழுத்துப் பெரும்பாலும் விழுந்ததோ ஆகஸ்டில். ஊர் கொண்டாடுவது மட்டும் நான்காம் தேதியை.

எனக்கு அந்த அறையில் பார்க்க வேண்டியது ஒரு நாற்காலி. அரசியல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன் உட்கார்ந்தது. முதுகுச் சாய்மானத்தின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. மாநாடு முடிந்த நாளில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதைக் காட்டி, இது உதிக்கிறதா மறைகிறதா என்று இத்தனை நாளும் புரியாமல் இருந்தேன், உதிக்கும் சூரியன்தான் என்று இப்போது தெரிகிறது என்றாராம். அந்த அறையின் மேசை நாற்காலிகளில் பெரும்பாலானவை அதே காலத்தவையே தவிர அங்கேயே இருந்தவை அல்ல. இந்த நாற்காலி அசல்.

அக்டோபர் 9, புதன்

பிலடெல்பியா போகிறேன் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: “மதனகோபால சுவாமி கோயில் மண்டபம் அங்கதானே இருக்கு?”

மேலமாசி வீதியில் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். 1912இல் மதுரை வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண், கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த செதுக்கிய கருங்கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். தூணும் போதிகையுமாக ஏறக்குறைய 60 கற்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் செவிலியர் பணிக்குப் போனவர் 1919இல் அங்கேயே இறந்துபோக, அவர் நினைவாகக் குடும்பத்தார் கற்களை நகரின் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நாயக்கர் காலம், பதினாறாம் நூற்றாண்டு. நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் இதை ஆராய்ந்து 1940இல் நூலே வெளியிட்டிருக்கிறார்.

திருட்டு இல்லை, காசு கொடுத்து வாங்கியது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. அங்கே துடைத்து விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே இருந்திருந்தால் யாராவது தூணில் பெயின்ட் அடித்து, பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருப்பார்கள். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. வெள்ளியன்று இரவு 8.45 வரை திறந்திருக்கும், ஐந்து மணிக்கு மேல் விரும்பிய தொகை கொடுத்து நுழையலாம். வெள்ளி மாலை என்ன செய்வதென்ற கேள்வி இதோடு தீர்ந்தது. வாசல் படிகளில் ஒரு குத்துச்சண்டைப் படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் ஓடி ஏறிக் கையைத் தூக்குவார்களாம். நான் நடந்தே ஏறுகிறேன்.

அக்டோபர் 12, சனி

லிபர்ட்டி பெல்லுக்கு, அதாவது அக்கா சொன்ன உடைந்த மணிக்கு, டிக்கெட் வேண்டாம், வரிசையில் நின்றால் போதும். 1752இல் லண்டனிலிருந்து வந்து, முதல் அடியிலேயே விரிசல் விட்ட மணி. பாஸ், ஸ்டோ என்ற உள்ளூர்க்காரர்கள் உருக்கி மறுபடி வார்த்தார்கள். விடுதலை மணி என்ற பெயரைப் பிரபலமாக்கியவர்கள் 1830களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள்.

அதன் வாசலுக்கு எதிரிலேயே வாஷிங்டன் அதிபராகக் குடியிருந்த வீட்டின் அடித்தளம். 1790 முதல் 1800 வரை நாட்டின் தலைநகர் இந்த ஊர்தான். அந்த வீட்டில் ஒன்பது அடிமைகள் இருந்தார்கள். வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே தங்கினால் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியாவின் 1780ஆம் வருடச் சட்டம். அதற்கு இடம் கொடாமல், ஆறு மாதம் ஆவதற்குள் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796இல் தப்பியோடி, கடைசிவரை பிடிபடவில்லை. நாற்காலிச் சூரியனைப் பார்த்த கையோடு இங்கே வரவேண்டும்.

அப்புறம் ஆர்ச் தெருவில் பிராங்க்ளின் கல்லறை, வேலிக் கம்பி வழியாகவே தெரியும். எல்ஃப்ரெத்ஸ் சந்தில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள், இன்றும் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது. மதியம் ரெடிங் டெர்மினல் சந்தை. 1893இல் ரயில் நிலையத்துக்கு அடியில் தொடங்கியது. ஆமிஷ் என்ற பழமை மாறாத கிறிஸ்தவப் பிரிவினரின் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை, நல்லவேளை நான் போவது சனி. ஊரின் பேர்போன சாண்ட்விச் மாட்டிறைச்சி, எனக்கு ஆகாது. பிரெட்சல் போதும்.

1829இல் திறந்த பெரிய சிறைச்சாலையை மட்டும் மனமில்லாமல் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அதற்கே அரை நாள் போய்விடும்.

அக்டோபர் 16, புதன்

ரயில்: பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து டிரென்டன், அங்கே மாறிப் பிலடெல்பியா 30ஆம் தெரு நிலையம். ஆம்ட்ராக் என்ற தொலைதூர ரயில் சொகுசுதான், ஆனால் டிக்கெட் விலை அதிகம். நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் ஆற்றோரமாக அரை மணி நடை.

இரவு அக்கா கூப்பிட்டாள். மண்டபத்தைப் பற்றி அப்பா அவளிடமும் பேசியிருக்கிறார் போல. “மாமா கார் எடுக்கிறேங்கிறார். பிள்ளைகளும் வருது. மண்டபம் மட்டும்தான், மணிக்கெல்லாம் நீயே போய்க்கோ.”

சரி. வெள்ளி ஆறு மணி, அருங்காட்சியக வாசல். பார்க்கிங் காசு மாமா பாடு.