அண்ணன் மெக்டோனாவின் ஊர்களில்: கோனமாராவும் ஈஸ்கியும்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து திரும்பியதும் எனக்கு முதலில் எழுதத் தோன்றுவது ஆதங்கம்தான். படப்பிடிப்பு நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று கால்வேயில் யாரிடம் விசாரித்தாலும், மார்ட்டின் மெக்டோனாவின் ‘தி பேன்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’ (2022) எடுக்கப்பட்ட தீவுகளுக்கே வழி சொன்னார்கள். அவருடைய அண்ணன் ஜான் மைக்கேல் மெக்டோனா, ‘தி கார்ட்’ (2011) படத்தை இதே கால்வே மாவட்டத்தில்தான் எடுத்தார். சுயாதீன ஐரிஷ் படங்களில் அயர்லாந்துத் திரையரங்குகளில் அதுவரை இருந்த வசூல் சாதனையை அது முறியடித்தது. அப்படியிருந்தும் வெளியுலகம் தம்பியைக் கொண்டாடிவிட்டு அண்ணனை மறந்துவிடுகிறது. குற்றத்தையும் சிரிப்பையும் ஒரே காட்சியில் கலப்பதில் அண்ணனே மேலானவர் என்பது என் கட்சி.

சகோதரர்கள் இருவரும் லண்டனில் பிறந்தவர்கள். தந்தையின் ஊர், கால்வே மாவட்டத்தின் மேற்குப் பகுதியான கோனமாராவின் கடலோரத்து லெட்டர்மல்லன். தாயின் ஊர் ஸ்லைகோ மாவட்டத்தின் ஈஸ்கிப் பக்கம். அண்ணனின் முதல் படம் தந்தையின் மண்ணிலும், இரண்டாவது படமான ‘கால்வரி’ (2014) தாயின் மண்ணிலும் நடக்கின்றன. இதை அறிந்த பிறகு என் பயணத் திட்டம் தானாகவே அமைந்துவிட்டது.

கால்வேயிலிருந்து ஸ்பிடால் வரை பேருந்தில் சிரமமில்லை. அதற்கு மேற்கே, லெட்டர்மல்லனுக்குப் போகும் வழியிலுள்ள லெட்டர்மோர் பக்கம் போகத்தான் பொறுமை வேண்டும். கூரையில்லாத ஒரு நிறுத்தத்தில், பக்கவாட்டில் அடித்த மழையில் நெடுநேரம் நனைந்தும் பேருந்து வரவில்லை. கடைசியில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். அங்கே ‘ஹேக்னி’ எனப்படும் வாடகைக் கார்களில், டாக்சிகளைப்போல மீட்டர் இருப்பதில்லை, ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்வதுதான் வழக்கம். அப்படித்தான் 35 யூரோ என்று பேசி ஏறினேன். இறங்கும்போது அந்த ஓட்டுநர், மழையையும் காலியாகத் திரும்ப வேண்டியதையும் காரணம் காட்டி 50 யூரோ கேட்டார். வாக்குவாதம் செய்து ஐந்து யூரோவைக் குறைத்தேன். மீதிப் பணத்துக்காக மறுநாள் காலை உணவைத் தியாகம் செய்ய நேர்ந்தது.

ஆனால் அந்த வழி அற்புதமானது. மரங்களே இல்லாத பாறை நிலம், கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், தீவுகளைக் கோத்துச் செல்லும் சிறு பாலங்கள். இது கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் மொழிப் பகுதி என்பதால் ஊர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கின்றன. ‘தி கார்ட்’ படத்தில் போதைப்பொருள் கடத்தலைத் துப்பறிய வரும், டான் சீடில் நடித்த எஃப்.பி.ஐ. அதிகாரி வீடு வீடாக விசாரணைக்குப் போகிறார். ஊரார் ஐரிஷில் மட்டுமே பதில் சொல்லி அவரைத் திணறடிக்கிறார்கள். துணையாக வர வேண்டிய உள்ளூர்ப் போலீஸ் சார்ஜென்ட்டோ, இன்று எனக்கு விடுமுறை என்று கழன்றுகொள்கிறார். பிரெண்டன் கிளீசன் ஏற்ற அந்தப் பாத்திரம் அடுக்கடுக்கான இனவெறிக் கேள்விகளால் எதிராளியைக் கொதிக்கவைக்கும். ஆனால் அந்த ஆள் உண்மையிலேயே முட்டாளா, எல்லோரையும் ஆழம் பார்க்கிறாரா என்பதைக் கடைசிவரை பிடிகொடுக்காமல் வைத்திருப்பதில்தான் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கடத்தல்காரர்கள் காரில் போகும்போது தத்துவஞானிகளைப் பற்றி விவாதிக்கிறார்கள். பின்னணியில் கலெக்சிகோ குழுவின் இசை, இந்த ஈரமான கரையை ஏதோ மெக்சிக எல்லைப்புறம்போல ஒலிக்கவைக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஸ்பிடாலுக்குத் திரும்பியதும், குளிரில் விறைத்த கைகளோடு ஒரு மதுவிடுதியில் கடலுணவு சௌடர் கேட்டேன். புகையூட்டிய மீனும் சிப்பிச் சதையும் நிறைந்த கெட்டியான பால் சூப்புடன், கோதுமைத் தவிட்டு மணம் வீசும் பழுப்பு ரொட்டியும் உப்பு வெண்ணெயும் வந்தன. அந்த ஒரு கிண்ணத்தில் வாடகைக் கார்க்காரர்மீது இருந்த கோபத்தில் பாதி கரைந்தது.

ஸ்லைகோவிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஈஸ்கி இருக்கிறது. அலைச்சறுக்கு வீரர்களும் இடிந்த கோட்டைக் கோபுரமும்தான் ஊரின் அடையாளம். ‘கால்வரி’யில், சிறுவயதில் ஒரு பாதிரியாரால் சீரழிக்கப்பட்டவன் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் வந்து ஊர்ப் பாதிரியாரிடம், கெட்ட பாதிரியாரைக் கொன்றால் யாருக்கும் உறைக்காது, ஆகவே நல்லவரான உங்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்வேன் என்கிறான். ஊரில் கசாப்புக்காரர், மருத்துவர், பணக்காரர் என ஒவ்வொருவரும் அந்த நல்ல மனிதரைச் சீண்டுகிறார்கள். அவரைச் சோதிப்பதற்காகவே அந்தப் பணக்காரர் ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைனின் விலைமதிப்பற்ற ஓவியத்தின்மீது சிறுநீர் கழிக்கும் காட்சியில் சிரித்துவிட்டு, உடனே கூசிப்போகிறோம். திருச்சபையின் குற்றங்கள் அயர்லாந்தில் விட்டுச்சென்ற ரணத்தை இவ்வளவு கோபத்தோடும் இவ்வளவு நகைப்போடும் பேசிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை. தட்டையான தலையுடன் 526 மீட்டர் உயர்ந்து நிற்கும் பென்பல்பன் மலையை ஸ்லைகோவில் நேரில் பார்த்தபோது, திரையில் கண்டதைவிட அது கடுமையாகவே தெரிந்தது.

எல்லாவற்றையும் புகழ மாட்டேன். அமெரிக்காவில் எடுத்த ‘வார் ஆன் எவ்ரிஒன்’ (2016) சத்தம் மட்டுமே மிகுந்த படம். சொந்த மண்ணை விட்டதும் அவருடைய கிண்டலுக்குப் பிடிமானம் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல்கள்: பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து சேராததால் தனி விசா எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். கோனமாராவின் உட்பகுதிக்கு இருவர் மூவராகச் சேர்ந்து கார் எடுத்துக்கொள்வது, மழையில் நின்று பேரம் பேசுவதைவிட மலிவு.