மேக்ஸ்பிளைக்கு நான்காவது கட்டிங்

நின்றுவிட்டது. பதினொரு நாளாக அறுபடாமல் நிற்கிறது. மூன்று முறை வீணாகி, நான்காவது முறை போட்ட கட்டிங். டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதைத்தான் சொல்கிறேன். (சென்னையில் ‘கட்டிங்’ என்றால் வேறு பொருளும் உண்டு. அந்தப் பழக்கமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு செலவாகியிருக்காது.)

ராக்கெட் பெரியப்பாவுடையது. டன்லப் மேக்ஸ்பிளை ஃபோர்ட் என்ற பழைய மர ராக்கெட். ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவர் கையில் இருந்த மாடல். 1981 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் போர்க்கை மெக்கன்ரோ வீழ்த்தியதும் மேக்ஸ்பிளையால்தான். அதற்குப் பிறகு அங்கே ஆண்கள் பட்டம் மர ராக்கெட்டுக்குப் போகவே இல்லை. பெரியப்பா பொன்மலை ரயில்வே காலனியில் ஆடியவர். ஆடி முடித்ததும், மரம் வளையாமல் இருக்க, பிரஸ் என்ற மரச்சட்டத்துக்குள் ராக்கெட்டை வைத்து நான்கு மூலையிலும் விங் நட்டை முறுக்காமல் காபி குடிக்க மாட்டாராம். அந்தப் புண்ணியம், இத்தனை வருடம் கழித்துக் கண்ணாடி மேஜையில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் தீப்பெட்டி அட்டை நுழையும் அளவுக்குத்தான் கோணல்.

முதல் கட்டிங்கை ஒரு கடையில் போட்டேன். “இதெல்லாம் சுவத்துல மாட்டுங்க சார்” என்று சிரித்துக்கொண்டே வாங்கி, விறைப்பான பாலியெஸ்டர் நரம்பை 55 பவுண்டு இழுவிசையில் இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு பீரோவுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். எலி என்று நினைத்து என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். போர்க் 80 பவுண்டு வாக்கில் இழுத்துக் கட்டுவார், ஹோட்டல் அறையில் நடுராத்திரி நரம்பு அறுந்து தூக்கம் கலையும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் போர்க் அந்தஸ்து கிடைத்தது.

இரண்டாவதை வீட்டிலேயே, எடைக்கம்பியால் நரம்பை இழுக்கும் என் டிராப் வெயிட் மெஷினில், 1.25 மில்லிமீட்டர் சிந்தெடிக் கட் (செயற்கை நரம்பு) வைத்துப் போட்டேன். நான்கு நாள் நின்றது. அறுந்தது முதல் தடவை அறுந்த அதே இடம், தலை உச்சியில் இடப்பக்கம் மூன்றாவது துளை. மூன்றாவது தானாக அறுபடவில்லை, நானே கத்தரித்தேன். குறுக்கு நரம்புகளைக் கழுத்துப் பக்கமிருந்து மேல்நோக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் வந்ததும் மரம் ‘கிறீச்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று தெரியும். உடனே கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

பெரியமேட்டில் அந்தக் காலத்திலிருந்தே கட்டிங் போடும் பாய் ஒருவர் இருக்கிறார். ராக்கெட்டை வாங்கி, துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“கீழேருந்து ஆரம்பிச்சியா தம்பி?”

“ஆமா பாய்.”

“மேலேருந்து கீழ வா. கழுத்துதான் தாங்கும், தல தாங்காது.”

விஷயம் இதுதான். பதினெட்டு நெடுக்கு நரம்பையும் இழுத்த உடனே முட்டை வடிவத் தலை உயரத்தில் குறுகி, பக்கவாட்டில் உப்பும். என் அளவில் உள்பக்க உயரம் 27.2 சென்டிமீட்டர், நெடுக்கு முடிந்தபோது 26.7. குறுக்கு போடப் போட அது திரும்ப நீளும். கீழிருந்து மேலே போனால் அந்த நெருக்கடி எல்லாம் உச்சியில் போய்ச் சேரும், அங்கேதான் மரம் பலவீனம். மேலிருந்து கீழே வந்தால் கழுத்துக்குப் போகும். அங்கே ஆப்பு மாதிரி கெட்டிக் கட்டை இருக்கிறது. நான்காவது தடவை முடிந்ததும் அளந்தேன், 27.1. இதைக் குறித்து வைத்திருக்கும் நோட்டைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆனால் திசை மட்டும் பிரச்சினை இல்லை, அந்த மூன்றாவது துளையும்தான். இன்றைய ராக்கெட்டில் துளைக்குள் பிளாஸ்டிக் க்ரோமெட் (உறை) இருப்பதால் நரம்பு எதன்மேல் உரசுகிறது என்று யாரும் யோசிப்பதே இல்லை. இதில் மரத்தில் நேராகப் போட்ட துளை, அவ்வளவுதான். பழைய வார்னிஷ் துளையின் விளிம்பில் காய்ந்து பிளேடு மாதிரி ஆகியிருந்தது. டார்ச்சை வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள் விளிம்பில் ஒரு சின்னச் சிலாம்பு, அரிசி நுனி அளவு. இரண்டு கட்டிங்கை அதுதான் தின்றிருக்கிறது.

400 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, திரி மாதிரி முறுக்கி, துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். ஒரு துளைக்கு இருபது இழுப்பு. அப்புறம் மெழுகுவர்த்தியில் தேய்த்த பருத்தி நூலை அதேபோல் விட்டு இழுத்தேன், விளிம்பு வழவழப்பாகும் வரை. எல்லாத் துளைக்கும் இதைச் செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. உச்சியில் ஐந்து துளைக்கு மட்டும் உறை தேவைப்பட்டது. மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பிக்கு மாட்டும் மெல்லிய ஸ்லீவ் கேட்டேன். ஒரு முழம் சும்மாவே கொடுத்தார் அந்த அண்ணன், எதற்கு என்று சொன்னபோது என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிச் செருகினேன். ஒரு எச்சரிக்கை: இரண்டு நரம்பு போகும் துளையில் ஸ்லீவ் போடாதீர்கள். இரண்டாவது நரம்பு நுழையாது, குத்தூசியால் வழி பண்ணப் போனால் முதல் நரம்பைக் கீறிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

இழுப்பு 50 பவுண்டு. பொறுமையாக, எடைக்கம்பி மட்டமாக நிற்கும்வரை காத்திருந்து போட்டேன். நெசவுக்காரர்கள் பாவுக்குள் ஊடை ஓட்டுவது மாதிரிதான் குறுக்கு. ஒன்று மேலே, ஒன்று கீழே. பன்னிரண்டாவது குறுக்கில் ஒரு இடம் தப்பாகப் போய், பதினைந்தாவதில் கண்டுபிடித்து, மூன்றைப் பிரித்தேன். அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

சரி, ஆடிப் பார்த்த கதை. ஒப்பிட்டுப் பார்க்க என் இன்றைய ராக்கெட்: கிராஃபைட், முகம் 100 சதுர அங்குலம், கட்டிங் இல்லாமல் 300 கிராம். அதே நரம்பை அதிலும் போட்டுக்கொண்டேன். சமையலறைத் தராசில் மேக்ஸ்பிளை 384 கிராம், இது 319. முதலில் ஆச்சரியப்படுத்தியது இழுப்பு. 50 பவுண்டில் மேக்ஸ்பிளை முகம், 55-இல் கட்டிய கிராஃபைட்டைவிடக் கெட்டியாக இருந்தது. நரம்பு குட்டை என்பதால்தான். மர முகம் அகலத்தில் 20.5 சென்டிமீட்டர், புதியது 25.

இந்த நாலரை சென்டிமீட்டரில்தான் மொத்தச் சண்டையும் இருக்கிறது. பந்து ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் பட்டால் மர ராக்கெட்டில் இரண்டு பக்கமும் ஏழு சென்டிமீட்டர் மிச்சம். இன்றைய பழக்கத்தில் பந்தைக் கீழிருந்து மேலே உரசித் தூக்கினால் முகம் பாதி மூடியிருக்கும், அந்த ஏழு மூன்றாகிவிடும். முப்பது ஃபோர்ஹேண்டில் ஏழு சட்டத்தில் பட்டு ‘டொக்’. ஒன்று பக்கத்துக் கோர்ட்டுக்கே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

சர்வ் வேகத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது. பந்து ஒரு முறை குத்திவிட்டுப் பின் வேலியில் எந்த உயரத்தில் படுகிறது என்று பார்த்தேன். கிராஃபைட்டில் மார்பளவு, மரத்தில் முழங்கால். எடை கூடுதலாக இருந்தும் ஏன் இப்படி என்றால், மரம் பந்து பட்டதும் வளைகிறது. பந்து நரம்பில் தங்குவது ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடிதான். மரம் நிமிர்ந்து திருப்பிக் கொடுப்பதற்குள் பந்து போய்விடும். வளைந்த சக்தி வீண். விறைப்பான கிராஃபைட்டில் அந்த இழப்பு குறைவு.

ஆனால் பந்தின் அடியைச் சீவியடிக்கும் ஸ்லைஸ் பேக்ஹேண்ட்! அந்த எடை தானாகவே பந்துக்குள் இறங்குகிறது, தாழ்வாக, வழுக்கிக்கொண்டு போகிறது. பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலியில் கை அதிர்வதே இல்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது முரட்டு சர்வால் அல்ல, கைநயத்தால் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நாற்பத்தைந்து நிமிடம் மரத்தைப் பிடித்த பிறகு அவர் எதைச் சொன்னார் என்று தோள்பட்டைக்கே புரிந்தது. மறுநாள் அந்தத் தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது, அது வேறு.

இதற்கிடையில் ஒரு வில்சன் டி2000 கண்ணில் பட்டுவிட்டது. அமெரிக்க வீரர் ஜிம்மி கானர்ஸின் எஃகு ராக்கெட், பழைய பிரெஞ்சு வீரர் லாகோஸ்ட்டின் வடிவமைப்பிலிருந்து வந்தது. சட்டத்தில் துளையே கிடையாது. சுற்றி வளைத்த கம்பிச் சுருளின் வளையங்களுக்குள்தான் நரம்பு ஓட வேண்டும். கட்டிங் போடுபவர்கள் பெயரைக் கேட்டாலே ஓடுவார்களாம். விற்பவர் நாலாயிரம் சொல்கிறார், நான் இரண்டரையில் நிற்கிறேன். பாயிடம் கேட்டேன், “கொண்டு வராத தம்பி” என்றார். எனவே வாங்கிவிடுவேன் என்று தோன்றுகிறது.

மேக்ஸ்பிளைக்கு இன்னும் கைப்பிடித் தோல் போடவில்லை. பழைய தோலை உரித்ததில் வெறும் மரம் தெரிகிறது, அதன்மேல் துணி சுற்றித்தான் ஆடினேன். பிரஸ்ஸில் ஒரு விங் நட்டு துருவேறி அசைய மறுக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.