கிட்டாருக்குத் தண்ணீர் காட்டும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள்

அக்கூஸ்டிக் கிட்டார் பராமரிப்பு என்று யூடியூபில் தேடினால், ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, காற்று காய்ந்தால் கிட்டார் வெடித்துவிடும், உடனே ஒரு ஹியூமிடிஃபையர், அதாவது கிட்டாருக்கு ஈரம் ஊட்டுகிற சாதனம், வாங்கு என்பார். அவர் ஊருக்கு அது சரி. ஜனவரியில் அவர் வீட்டுக்கு வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஹீட்டர் ஓடுகிறது. நாம் இருப்பது சென்னையில். துவைத்த ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகிற கார்த்திகை மாதத்தில், திருவான்மியூரில் உட்கார்ந்துகொண்டு, கிட்டார் வாங்கிய கையோடு அதன் வயிற்றுக்குள் ஈர ஸ்பாஞ்சைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, கிட்டாரைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருக்கிறது.

அதற்காக, சென்னையில் ஹியூமிடிஃபையரே தேவையில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது. சில வீடுகளுக்குத் தேவைதான். ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கட்டாயம் தேவை. உங்களுக்குத் தேவையா என்று சொல்லக்கூடியது, ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ 300 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற ஈரப்பத மீட்டர். நானோ யூடியூபோ அதைச் சொல்ல முடியாது.

முதலில் மரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரம் குடிப்பதை நிறுத்தாது. குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் ரேகை ஓடுகிற நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது, எல்லாம் குறுக்குவாக்கில்தான். கிட்டாரின் முன்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய மரம், பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். அதன் ரேகை கம்பிகள் ஓடுகிற திசையிலேயே ஓடும். உள்ளே அதற்குக் குறுக்கே பிரேஸ் கட்டைகளை ஒட்டியிருப்பார்கள். காற்று காய்ந்தால் பலகை அகலத்தில் சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது. இந்த இழுபறியில் முதலில் பலகை உள்வாங்கும், அதோடு கம்பிகளைப் பலகையில் பிடித்திருக்கிற பிரிட்ஜ் தாழும், கம்பி, கழுத்தில் வரிசையாகப் பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கீற்றில் உரசி ஜ்ர்ர் என்று பஸ் அடிக்கும். அப்போதும் கவனிக்காமல் விட்டால் ரேகையோடு விரிசல் விடும். ஈரம் கூடினால் நேர்மாறு. வயிறு உப்பி, பிரிட்ஜ் மேலே எழும்பி, கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஆக்‌ஷன் ஏறி, ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பார் கார்டு பிடித்தால் விரல் கழன்றுவிடும் போல வலிக்கும். ஒலியும் மந்தமாகிவிடும்.

மார்ட்டின், டெய்லர் மாதிரியான கம்பெனிகள் சொல்கிற அளவு 45-இலிருந்து 55 சதவீத ஈரப்பதம். 40-க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் கவலைப்பட வேண்டும். 60-க்கு மேலே வாரக்கணக்கில் இருந்தாலும் கவலைப்பட வேண்டும், அந்த வீடியோக்காரர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார், அவருக்கு அது வராத நோய்.

நமக்கு வருகிற நோயே அதுதான். எங்கள் வீட்டில் ஏசி இல்லாத கூடத்தில் மீட்டர் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் 65-க்கும் 80-க்கும் நடுவில்தான் நிற்கும். மீட்டர்கூட வேண்டாம், வடகிழக்குப் பருவமழை பெய்கிற நாட்களில் அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள். தூள் உப்பு நசநசத்துக் கட்டியாகியிருந்தால் அந்தக் காற்றில் ஈரம் 75-ஐ ஒட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், சுத்தமான சாப்பாட்டு உப்பு அந்த அளவில்தான் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும். (கல்லுப்பு கணக்கில் வராது. அதில் மக்னீசியம் உப்பும் கலந்திருக்கும், அதற்கு முன்பே கசிந்துவிடும்.)

மலிவு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதே உப்புதான் வழி. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்கு வருகிற அளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப்லாக் கவரில் காற்றுப் போகாமல் மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கவரைத் திறக்காமலே பாருங்கள், 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனிமேல் அந்த மீட்டர் எது சொன்னாலும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு மீட்டர் மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மே மாதம் கடல்காற்று வரத் தாமதமாகி, மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கிற மத்தியானங்களில் மட்டும் சென்னையிலும் ஈரம் 40-க்குக் கீழே இறங்குவது உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். சாயந்திரம் காற்று திரும்பியதும் ஏறிவிடும், மரம் அவ்வளவு வேகமாக மாறாது, கேஸுக்குள் இருக்கிற கிட்டாருக்கு அந்தச் சில மணி நேரம் தெரியவே தெரியாது.

சரி, ஏசி அறை? ஏசி குழாயிலிருந்து பக்கெட்டில் நிறைகிற தண்ணீர் முழுக்க உங்கள் அறைக் காற்றில் இருந்ததுதான். அதனால் ஏசி காற்றைக் காய வைக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கிருந்து எங்கே? 75-இல் இருந்ததை 50 பக்கம் கொண்டுவருகிறது. படுக்கை அறையில் இரவு 24-இல் ஓடவிட்டால் என் மீட்டர் 50-ஐ ஒட்டித்தான் நிற்கிறது, கிட்டாருக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. தொந்தரவு வருவது, சின்ன அறையில் பெரிய ஏசி, கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் நாள் முழுக்க ஓடுகிறது, கதவு திறப்பதே இல்லை என்கிற மாதிரியான இடங்களில்: ரெக்கார்டிங் அறை, சில ஆபீஸ்கள். அங்கே 40-க்கு இறங்கலாம். ஏசிக்கு நேர் எதிரே சுவரில் கிட்டாரை மாட்டி வைப்பதும் அதே கதைதான்.

இன்னொன்று, நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவது. இரவு 50, காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் 75. டிசம்பர் சீசனில் சபா மேடையில் மிருதங்கக்காரர்கள் ஏசி குளிருக்கு நடுவில் வலந்தலையைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, மரத்துக்கு மெதுவாகத்தான் தெரியும். அதனால் வாசிக்காத நேரம் கிட்டாரைக் கேஸில் வைத்து மூடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே முடிந்தது. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் திறக்காதீர்கள், குளிர்ந்த மரத்திலும் கம்பியிலும் பனி போல ஈரம் படியும். கேஸோடு அரை மணி நேரம் வெளியே விட்டு அப்புறம் திறங்கள். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்குக் கம்பி துருப்பிடிப்பது தனி அழுகை, அதற்குத் துணியால் துடைப்பதைத் தவிர மலிவான வைத்தியம் ஒன்றும் இல்லை.

என் கிட்டாரை செட்-அப் செய்து தருகிற பெரியவர் இதையெல்லாம் மீட்டர் இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார். "மழைக்காலத்துல வந்து ஆக்‌ஷன் ஏறிப்போச்சு, ஸாடிலைத் தேய்ச்சுக் குடுங்கம்பாங்க சார். தேய்ச்சுக் குடுத்தா சித்திரையில ஏசி போட ஆரம்பிச்சதும் பஸ் அடிக்குதுன்னு அதே ஆள் திரும்ப வருவாரு. புது ஸாடில் போடணும்." ஸாடில் என்பது பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்குகிற மெல்லிய துண்டு; தேய்த்த ஸாடில் வளராது. அதனால் மழைக்காலத்தில் ஆக்‌ஷன் ஏறினால் முதலில் கிட்டாரின் ஈரத்தைக் குறையுங்கள். கேஸில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, கூடவே மீட்டரையும் போட்டு, 50 பக்கம் வந்ததும் ஜெல்லை எடுத்துவிடுங்கள். கைநிறைய ஜெல்லை அள்ளிப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால், நல்ல இறுக்கமான கேஸாக இருந்தால், சென்னையிலேயே ஒரு பாலைவனத்தை உண்டாக்கிவிடலாம். சில வாரத்தில் மரம் பழைய நிலைக்கு வந்த பிறகும் ஆக்‌ஷன் உயரமாகவே இருந்தால் அப்போது ஸாடிலைப் பற்றிப் பேசலாம்.

இப்போது, மீட்டர் நிஜமாகவே தொடர்ந்து 40-க்குக் கீழே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கிற ஹியூமிடிஃபையர்களில் பலவும் என்ன தெரியுமா? ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஸ்பாஞ்ச். அதை நாமே செய்யலாம். பயணத்துக்குக் கொண்டுபோகிற சோப்பு டப்பா ஒன்று, அதன் மூடியில் மட்டும் சூடான ஊசியாலோ டிரில்லாலோ நிறையத் துளை, உள்ளே புது ஸ்பாஞ்ச். கேஸில் கிட்டாரின் தலைப்பக்கம் கீழே இடம் இருக்கும், துளை மேலே பார்த்தபடி அங்கே வையுங்கள். உடம்புப் பகுதிக்கும் வேண்டும் என்றால் சின்ன ஜிப்லாக் கவரில் துளைகள் போட்டு, ஸ்பாஞ்ச் துண்டை உள்ளே வைத்து, நடுக் கம்பிகளுக்கு இடையில், முன்பலகையில் இருக்கிற ஓட்டையான சவுண்ட் ஹோலுக்குள் தொங்கவிடலாம். அது உள்ளே விழாதபடி மேல்முனையை மடித்து கிளிப் போடுங்கள்.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது, பிழிவதில். ஸ்பாஞ்சை நனைத்து, பிழிந்து, இனி சொட்டே வராது என்று தோன்றிய பிறகு ஒரு துண்டில் சுற்றி இன்னொரு முறை பிழியுங்கள். உள்ளே சொட்டினால் மரத்தில் கறை விழும், பிரேஸ் ஒட்டு விடும், வறட்சி செய்யாத சேதத்தை வைத்தியம் செய்துவிடும். தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர். வீட்டில் எப்படியும் ஒரு கேன் இருக்கும். (லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும்.) போர் தண்ணீர் ஊற்றினால் ஸ்பாஞ்சில் வெள்ளையாக உப்புப் படிந்து கல்லாகிவிடும். அவ்வப்போது ஸ்பாஞ்சை வெந்நீரில் முக்கி எடுங்கள், பூஞ்சை வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். இது எல்லாம் கேஸுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். சுவரில் மாட்டிய கிட்டாருக்குள் ஸ்பாஞ்ச் வைப்பதும் வாசலைத் திறந்து வைத்து ஏசி போடுவதும் ஒன்று.

டடாரியோவின் ஹியூமிடிபேக் மாதிரி பொட்டலங்கள் ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், இழுக்கவும் செய்யும், 50-ஐ ஒட்டிப் பிடித்து வைக்கும். உள்ளே இருப்பது உப்புக் கரைசல். மீட்டர் சோதனையில் நம் சமையல் உப்பு 75-இல் பிடித்து வைத்த அதே வித்தைதான், உப்பு வேறு என்பதால் அளவு வேறு. நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில், காற்று தாராளமாகப் போய்வருகிற துணிப் பையில் அதைப் போட்டால் சென்னை மாநகரத்தின் ஈரம் முழுவதையும் தானே குடிக்கப் பார்த்து, உப்பி, சீக்கிரமே செயலிழந்துவிடும். ஹார்டு கேஸ் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் காசை மிச்சம் பிடித்து முதலில் ஹார்டு கேஸ் வாங்குங்கள்.

இவ்வளவும் சாலிட் மரக் கிட்டாருக்கு, அதாவது ஒட்டுப்பலகை இல்லாமல் முழு மரத்தில் செய்ததற்கு. யமஹா எஃப்310 மாதிரி பிளை கிட்டார் வைத்திருப்பவர்கள் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ரேகைகள் மாறி மாறி ஒட்டிய பலகை எளிதில் விரிசல் விடாது. எஃப்ஜி800-இல் முன்பலகை மட்டும் சாலிட், அதற்குக் கவனம் வேண்டும். ஆனால் பிளையோ சாலிடோ, எல்லாவற்றிலும் கழுத்தும் ஃபிங்கர்போர்டும் முழு மரம்தான், அதனால் ஃபிரெட் முனை துருத்துவது மட்டும் எல்லாக் கிட்டாருக்கும் வரும்.

இதை எனக்கு நன்றாகக் காட்டியது பெங்களூரில் இருக்கிற சித்தி பையனின் கிட்டார். இங்கே வாங்கி, இங்கேயே ஒரு வருஷம் இருந்து, அப்புறம் அவனோடு வேலைக்குப் போனது. பங்குனியில் போன் பண்ணினான். "அண்ணா, கழுத்து ஓரத்துல கை வச்சா பிளேடு மாதிரி கிழிக்குது. தேய்ச்சுடட்டுமா?" பிப்ரவரி, மார்ச் மத்தியானங்களில் பெங்களூர் காற்று 30-க்குக் கீழே போவது சாதாரணம். 70-இல் உப்பியிருந்த மரம் அங்கே போய்ச் சுருங்கிவிட்டது, ஃபிரெட் உலோகம், அது சுருங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். தேய்க்காதே, சோப்பு டப்பாவை வை என்றேன். இரண்டு மூன்று வாரத்தில் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. மீதியை மட்டும் கடையில் கொடுத்து மழுக்கினான்.

ஆகஸ்ட் மாதம் மீனம்பாக்கத்தில் எம்எஸ் படிக்கக் கிளம்புகிற கூட்டத்தில் தோளில் கிட்டாரோடு நிற்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய அளவில் காத்திருக்கிறது. பூஜ்யம் டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஐந்து கிராம் தண்ணீரைத்தான் தாங்கும், அதையே ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்கு ஏற்றினால் பதினேழு கிராம் தாங்கும் இடத்தில் அந்த ஐந்துதான் இருக்கும். 30 சதவீதம்கூட வராது. அந்த ஊரில் ஸ்வெட்டர்க்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். ஹீட்டர் போடுகிற அக்டோபரிலேயே ஆரம்பியுங்கள், டிசம்பரில் விரிசலைப் பார்த்த பிறகு வேண்டாம். இங்கே கிளம்பும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கம்பியை ஒன்றிரண்டு சுருதி தளர்த்துங்கள், மீட்டரையும் காலி சோப்பு டப்பாவையும் கேஸில் போடுங்கள், ஏர்போர்ட் போகிற வழியில் சாப்பிட நிறுத்தினால் வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் பிரிட்ஜ் ஒட்டு இளகிவிடும். போய்ச் சேர்ந்ததும் கேஸைத் திறக்காமல் ஒரு இரவு அறையில் வைத்துவிட்டு, மறுநாள் முதலில் மீட்டரைப் பாருங்கள்.