புத்தருக்கும் மேலே வைக்கப்பட்ட எழுத்து

தென்கொரியாவின் கயா மலையிலுள்ள ஹெயின்சா மடாலயத்துக்குச் செல்லும் பாதை, இலையுதிர் காலத்துச் செவ்விலைகள் நிழலாடி நீரையே சிவப்பாகக் காட்டுவதால் 'ஹொங்ன்யுதொங்' என்று பெயர் பெற்ற ஓடையை ஒட்டி மேலேறுகிறது. கொரிய மக்கள் பௌத்தத்தின் மும்மணிகளுக்கும் தனித்தனியே ஒரு தலம் வகுத்திருக்கிறார்கள்: புத்தருக்கு தொங்தோசா, துறவியர் கூட்டமான சங்கத்துக்கு சொங்க்வாங்சா, போதனையாகிய தம்மத்துக்கு ஹெயின்சா. பல நாள் நினைத்திருந்து, அந்த மூன்றாவது தலத்தை வணங்கவே நான் சென்றேன்.

பழங்கொரியாவை ஆண்ட சில்லா அரசர்களின் காலத்தில், 802ஆம் ஆண்டில், இத்தலம் நிறுவப்பட்டது. வாயில்களைக் கடந்து படியேறினால் முதலில் தரிசனம் தருபவர் வைரோசன புத்தர். ஆனால் படிகள் அவருடைய சன்னிதியோடு முடிவதில்லை. அதற்குப் பின்னால், அதைவிட உயர்ந்த இடத்தில், வண்ணமோ அலங்காரமோ இல்லாத நீண்ட மரக்கூடங்கள் நிற்கின்றன. அங்கே திருவுருவங்களுக்குப் பதிலாக, 81,258 மரப்பலகைகளில் செதுக்கப்பட்ட, பௌத்த மறைநூல் தொகுதியான திரிபிடகம் அடுக்கடுக்காக வீற்றிருக்கிறது. போதித்தவரின் சன்னிதிக்கும் மேலே போதனையை வைத்த அந்த அமைப்பைக் கண்டதும், படியிலேயே கைகூப்பி நின்றுவிட்டேன்.

இப்பலகைகள் பிறந்த கதை துயரமானது. வடக்கிலிருந்து வந்த கித்தான் இனத்தாரின் படையெடுப்பின்போது, நாட்டைக் காக்க வேண்டி 1011இல் தொடங்கிச் செதுக்கப்பட்ட முதல் தொகுதியை 1232இல் மங்கோலியப் படை எரித்துச் சாம்பலாக்கியது. கங்வா தீவில் அடைக்கலம் புகுந்திருந்த அன்றைய கொரிய அரசான கொர்யோ, போர் ஓயாத அந்த நாட்களிலேயே, 1236இல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, 1251 வரை உழைத்து முழுத் தொகுதியையும் நிறைவேற்றியது. மரத்தை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே உளி பட்டது என்றும், செதுக்கியவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்முறை வணங்கினார்கள் என்றும் மரபுவழியாகச் சொல்கிறார்கள். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் ஒரே கையால் எழுதப்பட்டவை போல அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த மரபை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பலகைகள் 1398இல் இம்மலைக்குக் கொண்டுவரப்பட்டன. இப்போது அவற்றைக் காக்கும் கூடங்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. முன்சுவரில் கீழ்ச்சாளரம் பெரிதாகவும் மேற்சாளரம் சிறிதாகவும், பின்சுவரில் அதற்கு நேர்மாறாகவும் அமைத்திருப்பதால், மலைக்காற்று உள்ளே புகுந்து பலகைகளைச் சுற்றிவந்து வெளியேறுகிறது. தரைக்கடியில் இட்ட கரியும் சுண்ணாம்பும் உப்பும் ஈரத்தை அளவாக வைத்திருக்கின்றன. மடாலயத்தின் மற்றப் பகுதிகளைத் தீ பலமுறை அழித்தும் இக்கூடங்கள் தப்பின. 1951இல், கொரியப் போரின் நடுவே, இவ்விடத்தைக் குண்டுவீசித் தாக்கும்படி வந்த ஆணைக்கு விமானப்படை அதிகாரி கிம் யங்-ஹ்வான் பணிய மறுத்ததால் மீண்டும் ஒருமுறை தப்பின. மரச்சட்டங்களின் இடைவெளியில் முகம் வைத்து அந்த இருண்ட அடுக்குகளைப் பார்த்தபோது, பெயர் தெரியாத செதுக்குநர்களோடு அவரையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

கீழ்முற்றத்தில், 7ஆம் நூற்றாண்டுத் துறவி உய்சாங் 210 எழுத்துகளில் அவதம்சக சூத்திரம் என்னும் மகாயான பௌத்த நூலின் சாரத்தைச் சுருக்கி வரைந்த சித்திரம் நடைபாதையாக அமைக்கப்பட்டிருக்கிறது. மூதாட்டிகள் சிலர் கைகூப்பியபடி அதன் வளைவுகளில் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள்; நானும் அவர்கள் பின்னே நடந்தேன். அந்தச் சூத்திரத்தின் இறுதிப் பகுதியில், ஞானம் தேடித் தெற்கு நோக்கிப் புறப்படும் சுதனன் என்ற இளைஞன் திராமிட நாட்டில் மேகன் என்னும் ஆசானைச் சந்திக்கிறான். நம் நிலத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கதையும் மேலே அப்பலகைகளில் இருக்கிறது என்ற நினைவு, தொலைதூரத்திலிருந்து வந்தவன் என்ற கூச்சத்தை என்னிடமிருந்து அகற்றியது.

அந்தி சாயும்போது முரசம் தொடங்கியது. பிக்குகள் ஒருவர் மாற்றி ஒருவராக முழக்கிய அந்த முரசம் நிலத்து விலங்குகளுக்காக; மணி நரகத்தில் துன்புறுவோருக்காக; மரத்தாலான மீன் நீர்வாழ் உயிர்களுக்காக; மேகவடிவ உலோகத்தகடு பறப்பவற்றுக்காக. நான்கும் ஓய்ந்தபின் பிக்குகள் வரிசையாகச் சன்னிதிக்குள் சென்றார்கள். கடைசியாக நுழைந்த மூதாட்டி எனக்கும் ஒரு விரிப்பை எடுத்துத் தந்தார்.