கோல்ஃப் கிரீனுக்கு இலையுதிர்கால வேலைகள்: துளை, மணல், பனித்துளி

பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க ஒரு கிரீன் (கோல்ஃப் குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) எப்படி இருக்கும் என்பது செப்டம்பர் பாதிக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மண்ணின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் புல்லின் வளர்ச்சி நின்றுபோகும். அதற்குப் பின் விழும் காயம் வசந்தம் வரை ஆறாது. போட்டிகள் இருக்கின்றன என்று சொல்லி, துளை போடும் வேலையை அக்டோபர் கடைசிக்குத் தள்ளும் கிளப்கள் உண்டு. அப்படிச் செய்தால் துளைகள் மார்ச் வரை வாய் திறந்தே கிடக்கும். பந்து நேராக ஓடாது, பாசியும் ஏறும். ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கி செப்டம்பர் நடுவுக்குள் முடிப்பதே சரி.

துளை எதற்கு? அரைகுறையாக மட்கிய தண்டும் வேரும் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் அடுக்காகச் சேரும். இதைத் தாட்ச் என்பார்கள். மழைநீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நோய்க்கும் இதுதான் இருப்பிடம். ஹாலோ டைன் என்னும் குழாய் ஊசிகளால் இந்த அடுக்கைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, அந்த இடத்தில் மணலை நிரப்புகிறோம்.

இதில் கணக்கு முக்கியம். 13 மி.மீ. உள்விட்டமுள்ள ஊசியை 50 மி.மீ. இடைவெளியில் இறக்கினால் ஒரு சதுர மீட்டரில் 400 துளை, மேற்பரப்பில் 5.3 சதவீதம் வெளியே வரும். அதே இடைவெளியில் 8 மி.மீ. ஊசி என்றால் 2 சதவீதம்தான், உழைப்புக்குத் தகுந்த பலன் இல்லை. ஆனால் அந்த 8 மி.மீ. ஊசியையே 25 மி.மீ. இடைவெளியில் போட்டால் 8 சதவீதம் வந்துவிடும். சிறிய துளை என்பதால் சீக்கிரம் மூடவும் செய்யும். நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

அடுத்து மணல். 13 மி.மீ. துளை 75 மி.மீ. ஆழம் போனால் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வேண்டும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 2 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 3 டன். மணலும் காய்ந்திருக்க வேண்டும், புல்லும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் துளையின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்; மேலே பார்த்தால் நிரம்பியதுபோல் தெரியும், உள்ளே வெற்றிடம். சில வாரங்களில் அது அமுங்கி மேற்பரப்பு குழி குழியாகிவிடும். நிரப்பிய பிறகு குச்சியால் நாலைந்து துளைகளைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

ஊசியின் முனை மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாமல் கிழிக்கும். வேர் ஆழமில்லாத கிரீனில் புல்தரையே ஊசியோடு மேலே எழும்பும். அதை அழுத்திப் பிடிக்கும் தகடுகள் இயந்திரத்தில் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மணல் கலந்த மண்ணில் ஊசி வேகமாகத் தேயும். காலையில் வைத்த ஆழம் மதியம் இருக்காது, அவ்வப்போது அளக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் குத்தினால் துளையின் அடிமட்டத்தில் மண் இறுகி ஒரு தட்டாகிவிடும். அதை உடைக்க இடையிடையே 200 முதல் 250 மி.மீ. வரை இறங்கும் திட ஊசி தேவை.

துளை ஆறுவதற்கு ஹெக்டேருக்கு 8 முதல் 10 கிலோ நைட்ரஜன் போதும். அக்டோபரில் அதையும் குறைத்துவிட வேண்டும். தாராளமாக உரம் போட்டுக் கொழுத்த இளம்புல்லைத்தான் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை நோய் முதலில் பிடிக்கும். இப்போது இந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் மைக்ரோடோக்கியம் நிவாலே. காலை ஈரத்தில் செம்பு நிற ஓரத்தோடு சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் அதுதான். போவா அன்னுவா என்னும் புல் அதிகமுள்ள கிரீன்களில் கடுமையாக இருக்கும். ஃபெஸ்க்யூ புல் ஓரளவு தாங்கும்.

வந்த நோயை நிறுத்தப் பலரும் நம்பியிருந்த ஐப்ரோடியோன் என்னும் பூஞ்சைக்கொல்லி 2018 ஜூனோடு பயன்பாட்டிலிருந்து போய்விட்டது. மீதமிருக்கும் மருந்துகளை நோய் பரவுவதற்கு முன்பே தெளித்தால்தான் பயன். ஆகவே ஈரத்தை விரட்டுவதுதான் முதல் மருந்து. புல் நுனியில் காலையில் நிற்பது முழுவதும் பனித்துளி அல்ல. புல்லே கசியவிடும் நீரும் அதில் உண்டு. அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் பூஞ்சைக்குத் தீனி. நீண்ட வளையும் கோலால் விசிறியோ, தூரிகையை இழுத்தோ தினமும் அதிகாலையில் தட்டிவிட வேண்டும். வெட்டும் உயரத்தைக் கோடையின் 3.5 மி.மீட்டரிலிருந்து படிப்படியாக 5 மி.மீட்டருக்கு ஏற்றுங்கள். சதுர மீட்டருக்கு 1 கிராம் அளவில் இரும்பு சல்பேட் கரைசல் தெளித்தால் புல் உறுதிப்படும், பாசியும் அடங்கும். கிரீனுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் மரங்கள் நெருங்கி நின்று காலை வெயிலை மறைத்தால் இத்தனையும் பாதி பலன்தான் தரும். கிளைகளைக் கழிக்க இதுவே காலம்.

உதிர்ந்த இலையைக் கிரீனில் ஒரு நாள்கூட விடாதீர்கள். மண்புழு எச்சத்தைக் காயவிட்டு, தூரிகையால் சிதறடித்த பிறகே வெட்டும் இயந்திரத்தை ஏற்றுங்கள். ஈரத்தில் ஏற்றினால் சக்கரம் அதைப் பூசி மெழுகிவிடும், அடியிலுள்ள புல் செத்துப்போகும்.

பாசனக் குழாய்களை அக்டோபர் முடிவதற்குள் வடித்துவிடுங்கள். காற்று அழுத்தி வெளியேற்றுவதாக இருந்தால் அழுத்தத்தை மிதமாக வைத்து, ஒவ்வொரு தெளிப்பானையும் சிறிது நேரம் மட்டும் திறந்து மூடி, இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். ஒரே மூச்சில் ஓடவிட்டால் தண்ணீரின்றிச் சுழலும் பல்சக்கரங்கள் சூடேறி உருகும். அந்தப் பழுது ஏப்ரலில் தண்ணீர் திறக்கும்போதுதான் தெரியவரும்.